சிவகாசிப் படங்களும் பெயர் போடாத தொகுப்புகளும்

தீப்பெட்டி லேபிளுக்கும் பட்டாசு லேபிளுக்கும் இப்போது பெரிய மவுசு. லட்சுமி வெடிப் படத்தைத் துணிப்பையில் அச்சடித்து விற்கிறார்கள். சரவெடியின் மேல்தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். டிசைன் படிக்கிற பிள்ளைகள் சிவகாசி நிறங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார்கள். வழவழப்பான தாளில், கெட்டி அட்டையில், பக்கத்துக்கு ஒரு லேபிள் என்று தொகுப்புகள் வருகின்றன. பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாதத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். இது மக்கள் கலை. தாலாட்டையும் கும்மியையும் போல யாருக்கும் சொந்தமில்லாதது. வரைந்தவர் பெயர் தெரியாமல் இருப்பதே இதன் சிறப்பு. இந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பல வருடங்களாக எனக்கு இதோடு சண்டை.

தொகுப்புகள் செய்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். லேபிள் என்பது தூக்கி எறிவதற்கென்றே அச்சாவது. குச்சி தீர்ந்தால் தீப்பெட்டி குப்பைக்குப் போகும். வெடியின் மேல் ஒட்டிய தாள் வெடியோடு சிதறும். 2007இல் சென்னை தாரா பதிப்பகம் ஷாஹித் தாதாவாலாவின் ‘மேட்ச்புக்’கை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் வாரன் டாட்ஸின் ‘லைட் ஆஃப் இந்தியா’ வந்தது. இப்படிப்பட்ட சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பல படங்கள் இன்று பார்க்கவே கிடைத்திருக்காது. மட்டமான ரசனை என்று படித்தவர்கள் ஒதுக்கிய படங்களை அதே படித்தவர்களின் மேசைக்குக் கொண்டுவந்ததும் சிறிய காரியம் இல்லை. அச்சும் அருமை. இவ்வளவும் சரி.

ஆனால் அட்டையில் யார் பெயர் இருக்கிறது? சேகரித்தவர் பெயர். உள்ளே படத்தின் கீழே பிராண்டின் பெயர் இருக்கலாம், ஊரும் உத்தேசமான காலமும் இருக்கலாம். அதை வரைந்த கை யாருடையது என்ற கேள்வியைக் கேட்டுப் பார்க்கும் பழக்கமே இந்த வகைப் புத்தகங்களுக்கு வரவில்லை.

என்னிடம் இருக்கும் பழைய தீப்பெட்டி லேபிள் ஒன்றைச் சொல்கிறேன். மூன்று விரல் அகலம் இருக்கும். நடுவில் ஒரு புலி. மஞ்சளுக்கான அச்சுப் பிளேட் மயிரிழை தள்ளி விழுந்திருப்பதால் புலியின் முதுகுக்கு வெளியே ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. உடம்பின் வரிகள் கறுப்பு. வயிற்றுப் பக்கம் இறங்கும்போது மட்டும் வரைந்தவர் கறுப்பை நிறுத்திவிட்டுச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளை நெருக்கி வைத்து நிழல் காட்டியிருக்கிறார். மூன்று விரல் அகலத்துக்கு அந்த நிழல் தேவையே இல்லை. பீடி பற்றவைக்கிறவர் கவனிக்கப்போவதில்லை, கம்பெனிக்காரர் கேட்டிருக்கவும் மாட்டார். ஓவியருக்கு அது வேண்டியிருந்தது, செய்தார். அதே தாளில் கம்பெனியின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, பதிவு பெற்ற டிரேட் மார்க் என்ற அறிவிப்பு இருக்கிறது, உள்ளே சராசரியாக எத்தனை குச்சி என்ற கணக்குகூட இருக்கிறது. நிழல் போட்டவர் பெயர் இல்லை. கம்பெனிக்கு அதற்குக் காரணம் உண்டு. தாள் சிறியது, சரக்கு நகர வேண்டும். முந்நூறு பக்கத்துக்குப் புத்தகம் போடுகிறவருக்கு என்ன காரணம்?

பெயர் போடுவதே இந்தத் தொழிலுக்கு அந்நியம் என்று சொல்வது இந்த வட்டாரத்தை அறியாதவர்களின் பேச்சு. பக்கத்துக் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் தங்கியவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். கடைசியில் கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் நிலைகொண்டார். அவருடைய கஜலட்சுமியையும் முருகனையும் மீனாட்சி கல்யாணத்தையும் பார்க்காத தமிழ் வீடு அந்தக் காலத்தில் அபூர்வம். அந்தப் படங்களின் அடி ஓரத்தில் கையெழுத்து இருக்கும். பல படங்களில் இரண்டு கையெழுத்து இருக்கும். குருவின் பெயரோடு டி. எஸ். சுப்பையா என்றோ ராமலிங்கம் என்றோ சீடர் பெயரும் சேர்ந்து நிற்கும். டி. எஸ். அருணாசலம், செண்பகராமன், மீனாட்சிசுந்தரம் என்று அந்தப் பட்டறையில் தேறி வந்தவர்களும் தங்கள் பெயரிலேயே அறியப்பட்டார்கள். ஒரு படத்தில் இரண்டு பேர் கை பட்டிருக்கிறது என்பதைக் காலண்டர் வாங்குகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுபது, எண்பது வருடத்துக்கு முன்பு ஒரு பட்டறைக்குத் தோன்றியிருக்கிறது. சிவகாசி பிரஸ்காரர்களும் கையெழுத்தை வெட்டாமல் அச்சடித்தார்கள். கையெழுத்தைப் பார்த்துப் படம் வாங்குகிறவர்கள் இருந்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஒரே வட்டாரம். காலண்டருக்குப் பெயர் உண்டு, லேபிளுக்குப் பெயர் இல்லை. வித்தியாசம் தாளின் அளவிலும் வியாபாரத்தின் தேவையிலும் இருக்கிறது. அதை எடுத்துக் கலையின் இயல்பு என்று எழுதுவது பெரிய பிழை. தாலாட்டை யார் கட்டினார் என்று தேடிப் போக வழியில்லை. லேபிள் விஷயம் அப்படி இல்லை. கம்பெனிக்காரர் ஒரு குறிப்பிட்ட ஓவியரை அழைத்து, குறிப்பிட்ட படத்தைச் சொல்லி, குறிப்பிட்ட கூலி பேசி வரையவைத்தார்.

லித்தோ அச்சுக் காலத்தில் அந்த ஓவியரோடும் வேலை முடிந்துவிடாது. மூலப்படம் பிரஸுக்குப் போனதும் லித்தோ ஆர்ட்டிஸ்ட் உட்காருவார். படத்தைப் பார்த்துப் பார்த்து மஞ்சளுக்கு ஒரு பிளேட், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு பிளேட்டிலும் கையால் புள்ளி வைப்பார். குழந்தையின் கன்னம் ரோஜா நிறத்தில் வர வேண்டுமானால் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும் என்பது அவர் மனக்கணக்கு. காமிரா வந்து, பிறகு கம்ப்யூட்டர் வந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டது. ‘சிவகாசி நிறம்’ என்று இன்று டிசைன்காரர்கள் கொண்டாடுவதில் பாதி அந்த லித்தோ ஆர்ட்டிஸ்டின் கண்ணும் கையும்தான். மூல ஓவியருக்காவது எங்கேயாவது ஒரு கட்டுரையில் ஒரு வரி கிடைத்திருக்கிறது. இவருக்கு அதுவும் இல்லை. சிவகாசி அச்சைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் நிறத்தைப் பிரித்தவரைத் தேடிப் போகாததை நான் மறதி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு கையும் உண்டு. சிவகாசியை அடுத்த தாயில்பட்டிப் பக்கம் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ ஆள் போகாத வீடு குறைவு. பெட்டி ஒட்டுவதும் குச்சிகளைக் கட்டையில் அடுக்குவதும் லேபிள் ஒட்டுவதும் பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகள். சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990இல் வந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996இல் வந்தது. அதற்கு முந்தைய காலத்து லேபிளைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர் அதைப் பசை தடவி ஒட்டிய விரல் என்ன வயதுடையது என்று யோசிக்கக் கடமைப்பட்டவர். ஒட்டியவர் ஒவ்வொருவர் பெயரையும் புத்தகத்தில் போட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் உற்சாகமும் வேடிக்கையும் குறும்பும் மட்டுமே நிரம்பிய ஓர் உலகமாகச் சிவகாசியைக் காட்டுகிற முன்னுரைகளைப் படிக்கும்போது, எழுதியவர் இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பாரா என்று சந்தேகம் வருகிறது.

வேறு இடங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம். நான் அடிக்கடி நினைப்பது தென்னாப்பிரிக்காவை. இனஒதுக்கல் ஆட்சியில் கறுப்பினக் கலைஞர்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான்: படம் விற்கும், ஆள் வரலாற்றில் இருக்கமாட்டார். 1988இல் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடத்தில் ஸ்டீவன் சாக் ‘புறக்கணிக்கப்பட்ட மரபு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கண்காட்சி நடத்தினார். 1930 முதல் அன்று வரையிலான அந்தக் கலைஞர்களை நாட்டின் கலை வரலாற்றுக்குள் கொண்டுவர அதன் கண்காட்சி நூல் ஒரு தொடக்கம். ஆட்சி மாறுவதற்கு முன்பே செய்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ரோர்க்ஸ் டிரிஃப்ட். குவாசுலு நட்டால் கிராமப்புறத்தில், 1960களின் தொடக்கத்தில் சுவீடனிலிருந்து வந்த பேடர் கோவேனியஸ், உல்லா கோவேனியஸ் தம்பதியர் முன்கை எடுத்து உருவான கலைப் பட்டறை அது. நெசவு, மட்பாண்டம், லினோகட் அச்சு என்று வேலை நடந்தது. அசாரியா எம்பாத்தா, ஜான் முவாஃபாங்கெஜோ போன்றவர்கள் அங்கிருந்து வந்தார்கள். ஃபிலிப்பா ஹாப்ஸ், எலிசபெத் ராங்கின் இருவரும் 2003இல் அந்தப் பட்டறையின் அச்சோவியங்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார்கள். யார் எப்போது வந்தார், எதை வெட்டினார், யாரிடம் கற்றார் என்று பொறுமையாகத் தேடித் தொகுத்த நூல். அதைக் கையில் எடுப்பவருக்கு ‘ஆப்பிரிக்க மக்கள் கலை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. மனிதர்கள் குறுக்கே நிற்பார்கள். கோவில்பட்டி ஸ்டூடியோவும் சிவகாசி லித்தோ பிரஸ்களும் ரோர்க்ஸ் டிரிஃப்டைவிட எந்த வகையில் குறைந்தவை?

தென்னாப்பிரிக்கப் புகைப்படத்திலும் அப்படியே. ஜனேலே முஹோலி 2006இல் தொடங்கிய ‘ஃபேசஸ் அண்ட் ஃபேஸஸ்’ வரிசையில் ஒவ்வொரு முகத்துக்கும் தலைப்பே அந்த ஆளின் பெயர்தான். கூடவே ஊரும் ஆண்டும். சான்டு மோஃபோகெங் (1956–2020) 1890 முதல் 1950 வரையிலான கறுப்பினக் குடும்பங்களின் ஸ்டூடியோப் படங்களைத் தேடி எடுத்துத் ‘தி பிளாக் ஃபோட்டோ ஆல்பம்’ செய்தார். பெயர் கிடைத்த இடத்தில் பெயரைச் சொன்னார். கிடைக்காத இடத்தில் இவர்கள் யார், என்ன ஆசை கொண்டிருந்தார்கள் என்ற கேள்வியையே படத்தோடு சேர்த்து வைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பின்னதுதான். பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்த இல்லாமையையும் வாசகர் பார்க்க வேண்டும். நம் தொகுப்புகளில் அந்த வெற்றிடமே தெரிவதில்லை. படம் தானாக முளைத்துவிட்டது போல இருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கலைச்சந்தையிலும் கோளாறுகள் உண்டு, விலை ஏறிய சிலருக்கே பெரிய புத்தகங்கள் கிடைக்கின்றன. ஆனாலும் ஆளைத் தேடுவது பதிப்பாசிரியரின் வேலை என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருக்கிறது.

நான் இதைப் பேசும்போதெல்லாம் வருகிற மறுப்பு ஒன்று உண்டு. லேபிள்கள் நகலுக்கு நகல், நகலுக்கும் நகல். சுவீடன் தீப்பெட்டிப் படத்தை ஒருவர் பார்த்து வரைய, அவருடையதை இன்னொருவர் பார்த்து வரைய, ஒரு பிராண்ட் ஓடினால் அதே சாயலில் பத்து பிராண்ட் வர, இதில் யாரைப் படைப்பாளி என்பது? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே மறுப்பை ரவிவர்மா பிரஸ் படங்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1894இல் தொடங்கிய அந்த அச்சகம் சில வருடங்களிலேயே ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடம் கைமாறியது. 1906இல் ரவிவர்மா இறந்தார். அதற்குப் பிறகும் அந்தப் பெயரிலேயே படங்கள் வந்தன, எம். வி. துரந்தர் போன்ற வேறு ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாயின. அங்கே எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் மெனக்கெடுகிறார்கள். அரச குடும்பத்தோடு உறவுள்ள ஓவியர் என்றால் நகலிலும் மூலத்தைத் தேடலாம், சிவகாசி என்றால் தேடவேண்டாம் என்பது என்ன நியாயம்? நகலெடுப்பவருக்கும் கை உண்டு. என் லேபிளில் உள்ள புலியை வரைந்தவர் வேறு எந்தப் புலியைப் பார்த்து வரைந்திருந்தாலும், வயிற்றில் அந்தச் சிவப்புப் புள்ளிகளை வைக்கும் முடிவு அவருடையது.

தேடினாலும் கிடைக்காது என்பது அடுத்த சமாதானம். தேடுவதற்கு இடம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு கலைப்படைப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் படைப்பாளியின் பெயர், முகவரி, நாடு எல்லாம் கேட்கப்படுகின்றன. போலிகளுக்குப் பயந்து லேபிளை டிரேட் மார்க்காகவும் கலைப்படைப்பாகவும் பதிவு செய்யும் வழக்கம் சரக்கு விற்கும் தொழில்களில் உண்டு. எல்லாப் பதிவிலும் உண்மையான ஓவியரின் பெயர் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிவேட்டைப் புரட்டாமலேயே ‘அநாமதேயக் கலை’ என்று எழுதுவது எப்படி ஆராய்ச்சியாகும்? அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை எழுதிக்கொடுத்துவிட்ட பிறகும் இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது. படத்தைக் கம்பெனிக்கு விற்றவர் தன் பெயரையும் சேர்த்து விற்கவில்லை.

ஆய்வாளர்களையும் இங்கே விட்டுவிட முடியாது. கொண்டையராஜுவைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் 1995இல் எழுதிய கட்டுரை அருமையானது. ஓர் ஓவியரை ஓவியராக நடத்திய கட்டுரை. கஜ்ரி ஜெயினின் ‘காட்ஸ் இன் த பஜார்’ (2007) சிவகாசிக்கு வந்து ஓவியர்களோடும் பிரஸ்காரர்களோடும் பேசி எழுதப்பட்ட நூல். அந்த உழைப்புக்கு ஈடாக இன்னொன்றைக் காட்டுவது கடினம். கிறிஸ்டோபர் பின்னியின் ‘ஃபோட்டோஸ் ஆஃப் த காட்ஸ்’ (2004) படத்துக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. இவற்றிலிருந்து நான் நிறையக் கற்றேன். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவற்றைப் படித்து முடித்த பிறகு மனத்தில் நிற்பது பஜார், சந்தை, தேசம், பக்தி. ஓவியர் ஒருவர் பேசியதை மேற்கோள் காட்டுகிறார்கள். அடுத்த பத்தியில் அவர் ஒரு கருத்துக்குச் சாட்சியாகிவிடுகிறார். அவர் தூரிகை பிடித்த விதம், ஒரு முகத்தை ஏன் அப்படித் திருப்பினார் என்பது, அவருக்குப் பிடிக்காத நிறம், இவை வருவதில்லை. பெரிய ஓவியர் என்று உலகம் ஒப்புக்கொண்டவரைப் பற்றி இப்படி எழுதினால் பதிப்பாளரே திருப்பி அனுப்பியிருப்பார். இந்த மேலான நூல்களே இப்படிப் பழக்கிவிட்டதால்தான், அவற்றின் சிந்தனையை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்ட மேசைப் புத்தகங்கள் துணிச்சலாகப் பெயரின்மையைப் புகழ்கின்றன.

எங்களுக்கு அருகில், வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022இல் தொல்லியல் துறை வெம்பக்கோட்டை அகழாய்வைத் தொடங்கியது. ஒரு சங்கு வளையல் துண்டு கிடைத்தால்கூட எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் என்று எழுதிவைத்தார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். அதே வட்டாரத்தில் நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன் புழங்கிய படங்களுக்கு, செய்தவர்களில் சிலர் உயிரோடு இருக்கும்போதே, அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லித்தோ பிளேட்டில் புள்ளி வைத்தவர்கள் இப்போது முதியவர்கள். இன்னும் சில வருடம் போனால் கேட்க ஆள் இருக்காது, அப்போது பெயரின்மை என்ற வாதம் உண்மையாகவே ஆகிவிடும்.

புதிய தொகுப்பு போட நினைக்கிறவர் ஆடி 18க்கு சிவகாசிக்கு வரட்டும். அன்றுதான் அடுத்த ஆண்டுக் காலண்டர்களுக்கான ஆல்பங்கள் வெளியாகும். ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகள் வெளியூர்களுக்குக் கிளம்புவார்கள். பழைய பிரஸ்காரர்கள் பேசும் மனநிலையில் இருக்கும் நாள் அது. கையில் இருக்கும் லேபிள்களைக் காட்டி, மூலப்படம் யார், பிளேட் போட்டது யார், எந்த வருடம், எந்த பிரஸ் என்ற நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். பதில் கிடைத்ததைப் படத்தின் கீழே அச்சிடட்டும். கிடைக்காததற்கு, யார் யாரிடம் கேட்டும் தெரியவில்லை என்று அதே இடத்தில், அதே எழுத்தளவில் எழுதட்டும். சேகரித்தவர் பெயரை அட்டையில் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதற்குக் கீழே வரைந்தவர்களின் பட்டியல் வர வேண்டும்.